டு பாய்ஸ் கேட்ட கேள்விகள்: பிலடெல்பியாவின் ஏழாவது வார்டிலிருந்து நமக்கு ஒரு பாடம்

கள ஆய்வுக்குச் செல்லும் குழுக்களில் அடிக்கடி நிகழும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஊரின் டீக்கடை வாசலில் நாலு பேர் சுற்றி நிற்க, தலித் முதியவர் ஒருவரிடம் இந்த ஊரில் தீண்டாமை இருக்கிறதா என்று கேட்கிறோம். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதெல்லாம் இப்போது இல்லை என்கிறார். படிவத்தில் இல்லை என்று பதிவாகிறது. அதே முதியவரிடம் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, டீக்கடையில் உங்களுக்கு எந்தக் குவளையில் தருகிறார்கள், குடித்த பின் அதைக் கழுவுவது யார், பெஞ்சில் அமர்ந்து குடிப்பீர்களா நின்று குடிப்பீர்களா, ஊர்க் கோயிலுக்குள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், வேறொரு ஊரே நம் முன் எழுகிறது. ஊர் அதேதான், கேட்ட விதம்தான் வேறு.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதைப் புள்ளியியல் வல்லுநர்களின் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே நம்மில் பலர் கருதுகிறோம். 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு அந்த எண்ணத்தைத் திருத்தப் போதுமானது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,147 சாதிகள் பதிவாகியிருந்தன. 2011இல் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகிவிட்டதாக 2021இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசே கூறியது. சாதி, உட்சாதி, குலம், கோத்திரம், பட்டப்பெயர் ஆகியவற்றுள் எதைச் சொல்ல வேண்டும் என்ற வரையறை இல்லாமல், முன்கூட்டியே வகுத்த பட்டியலும் இல்லாமல், சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் பல சாதிகளாயிற்று. அந்தக் குழப்பத்தையே காரணம் காட்டி சாதி விவரங்கள் இன்றுவரை வெளியிடப்படவில்லை. தெளிவற்ற ஒரு கேள்வி, மறைக்க விரும்பும் அரசுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கும் நிலையில், இதே பாதையில் நமக்கு முன்பே நடந்த ஒருவரின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. அவர் பெயர் வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டு பாய்ஸ்.

உண்மைகளின் மீது ஒரு நம்பிக்கை

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865இல். அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1868 பிப்ரவரி 23 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் டு பாய்ஸ் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே பிரிந்து சென்றார்; தாயின் உழைப்பில் வளர்ந்த அவர், பள்ளிப் படிப்பு முடிந்த அடுத்த ஆண்டே தாயையும் இழந்தார். ஊர்த் தேவாலயங்கள் திரட்டித் தந்த பணத்தில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அம்மாநிலத்தின் உட்கிராமங்களுக்குச் சென்று கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தார். வடக்கில் வளர்ந்த அவருக்குத் தெற்கின் உண்மை நிலை அங்கேதான் முதலில் புலப்பட்டது.

பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகம். 1892 முதல் 1894 வரை பெர்லினில் குஸ்டாவ் ஷ்மோலர் போன்ற அறிஞர்களிடம் பயின்றார். கோட்பாட்டிலிருந்து முடிவுகளை வடித்தெடுப்பதை விடுத்து, வரலாற்றுச் சான்றுகளையும் புள்ளிவிவரங்களையும் பொறுமையாகத் திரட்டி அவற்றிலிருந்து மேலெழ வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழி. 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.

அவர் ஆய்வுலகில் நுழைந்த காலம் கொடியது. தெற்கில் கும்பல் படுகொலைகள் அன்றாட நிகழ்வாக இருந்தன. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் இனவாரிப் பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது. அதே ஆண்டில் காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் தம் நூலில், கறுப்பின மக்களின் இறப்பு விகிதத்தைக் காட்டி, அது அவர்களின் இனப் பண்பின் விளைவு என்றும் அந்த இனம் தேய்ந்து அழியும் என்றும் வாதிட்டார். எண்கள் கையில் இருந்தன; ஆனால் அந்த மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்ற கேள்விகள் கேட்கப்படவே இல்லை. அடுத்த ஆண்டு அந்நூலை மதிப்பிட்டு எழுதிய டு பாய்ஸ், அதன் தர்க்கப் பிழையைச் சுட்டிக்காட்டினார். இனவெறி பெரும்பாலும் அறியாமையின் விளைவு, கவனமாகத் திரட்டிய உண்மைகளை முன்வைத்தால் அது கரையும் என்று அந்த நாட்களில் அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையின் வளர்ச்சியும் சரிவுமே அவர் வாழ்வின் முதற்பாதி.

தீர்ப்பை உள்ளடக்கிய கேள்வி

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் அன்று அந்நகரின் மிகப் பெரிய கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. குற்றமும் வறுமையும் அரசியல் ஊழலும் அங்கிருந்துதான் பரவுகின்றன என்று நகரின் சீர்திருத்தவாதிகள் பலர் கருதினர். அதற்கு அறிவியல் ஆய்வொன்றின் சான்றொப்பம் தேவைப்பட்டது. டு பாய்ஸுக்குத் தரப்பட்டதோ துணை நிலைப் பதவி. மாணவர்களோடு தொடர்பில்லை, வகுப்பறை இல்லை, பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர்கூட இடம்பெறவில்லை. அண்மையில் மணந்த மனைவி நைனாவுடன், அந்த வார்டின் மிக மோசமான பகுதியில், ஒரு சிற்றுண்டிச்சாலைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் குடியேறினார்.

வழக்காடு மன்றத்தில் பழகியவர்களுக்கு அவர் முன்னிருந்த சிக்கல் எளிதில் விளங்கும். விடையை உள்ளடக்கிக் கேட்கும் கேள்விக்குச் சாட்சியச் சட்டம் வழிகாட்டும் வினா என்று பெயரிட்டு, சொந்தத் தரப்புச் சாட்சியிடம் பொதுவாக அதைக் கேட்கக் கூடாது என்கிறது. இந்த மக்கள் ஏன் நகரைக் கெடுக்கிறார்கள் என்பது அத்தகைய கேள்வி. கெடுக்கிறார்கள் என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. காரணத்தை மட்டுமே அது தேடுகிறது. அப்படியே ஏற்றுக் கேட்டிருந்தால் எவ்வளவு நேர்மையாக ஆய்வு செய்திருந்தாலும் விடை ஒன்றுதான். டு பாய்ஸ் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, அதிலிருந்த தீர்ப்பைக் கழித்துவிட்டு, அதை நூற்றுக்கணக்கான சிறு கேள்விகளாக உடைத்தார்.

ஆறு படிவங்கள் உருவாயின. குடும்பத்துக்கு ஒன்று: எத்தனை பேர், வயது, பால், மண நிலை, பிறந்த இடம், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன வேலை, என்ன வருமானம். தனி ஆளுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று: எத்தனை அறைகள், என்ன வாடகை, வாடகைக்குத் தங்கியிருப்போர் எத்தனை பேர், என்னென்ன வசதிகள். தெருவுக்கும் சந்துக்கும் ஒன்று. சங்கங்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒன்று. முதலாளிகளின் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பணியாளர்களுக்குச் சற்று மாற்றியமைத்த தனிப் படிவம் ஒன்று.

இந்தப் பிரிப்பில்தான் பாடம் இருக்கிறது. குடும்பத்துக்குரிய கேள்வியையும் ஆளுக்குரிய கேள்வியையும் ஒரே வரியில் கலந்தால், விடை எவரைப் பற்றியது என்பது பின்னால் எவருக்கும் தெரியாது. வீட்டின் நெருக்கடியையும் வீட்டாரின் பழக்கத்தையும் ஒரே கேள்வியில் கேட்டால், வீட்டு உரிமையாளரின் பேராசை குடியிருப்பவரின் ஒழுக்கக்கேடாகப் பதிவாகிவிடும். தெருவைத் தனியே பதிவு செய்ததால், நகராட்சி செய்யாத வேலையின் பழி அங்கே வாழ்பவர் தலையில் விழவில்லை. எது எதைப் பற்றிய கேள்வி என்று பிரித்ததே பொறுப்பு யாருடையது என்று பிரித்ததாகவும் ஆயிற்று.

சொல்ல முடியாத விடைகள்

தெளிவான கேள்வி என்பது இலக்கணப் பிழையற்ற கேள்வி மட்டுமன்று. கேட்கப்படுபவரால் உண்மையாக விடை சொல்ல முடிகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். டு பாய்ஸ் வீடு வீடாகத் தாமே சென்றார். பெரும்பாலான வீடுகளில் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை செலவிட்டார். சில இடங்களில் ஒரு மணி நேரம்கூட ஆயிற்று. ஆள் இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போனார். ஏழாவது வார்டில் அவர் கணக்கெடுத்த கறுப்பின மக்கள் 9,675 பேர்.

வயது என்ன என்பதைவிட எளிய கேள்வி எது? ஆனால் அடிமை முறையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. ஐம்பதைக் கடந்தவர்களின் வயது பெரிதும் நினைவையும் ஊகத்தையும் சார்ந்தது என்பதை அவர் கண்டார். தெளிவாகப் பொருந்தாத விடைகளை நீக்கினார். எந்த வயதுவரை தம் எண்களை நம்பலாம், எதற்கு மேல் நம்பக் கூடாது என்பதை நூலிலேயே எழுதிவைத்தார். மண நிலை பற்றிய கேள்வியில் கைம்பெண்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மீறி உயர்ந்து நின்றது. கணவன் விட்டுச்சென்றவர்களும் மணமாகாமல் தாயானவர்களும் கைம்பெண் என்ற சொல்லுக்குள் ஒதுங்கியிருந்ததே காரணம் என்று அவர் உணர்ந்தார். அவமானத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் கேள்விக்கு மனிதர்கள் பொய்யைத்தான் விடையாகத் தருவார்கள். அந்தப் பொய்யைச் சொன்னவரின் குணக்கேடாக எழுதுவதும், கேள்வியின் குறையாக எழுதுவதும் ஒன்றல்ல.

வருமானத்தை அவர் ஒரே கேள்வியை நம்பிப் பதியவில்லை. குடும்பத்தார் சொன்ன தொகை, அத்தகைய வேலைக்கு ஊரில் வழங்கும் கூலி, ஆண்டில் வேலையின்றிப் போன நாட்கள், தரும் வாடகை, வீட்டின் தோற்றம், தங்கியிருப்போரின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே மதிப்பிட்டார். நாட்கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு முந்நூற்றறுபத்தைந்தால் பெருக்குவோர் நம்மிடையே இன்றும் உண்டு. வேலையில்லா நாட்களைக் கேட்காத வருமானக் கேள்வி ஏழையைத் தாளில் மட்டும் பணக்காரனாக்கும்.

பிழைகளைப் பற்றிய அவர் நேர்மை குறிப்பிடத்தக்கது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்வது, தெளிவின்மை, மறதி, வேண்டுமென்றே மறைப்பது என்று விடை சொல்பவர் பக்கத்துப் பிழைகளைப் பட்டியலிட்ட அவர், அதோடு நிறுத்தவில்லை. கேட்பவரின் வளர்ப்பும் ஒழுக்க நம்பிக்கைகளும் அவரறியாமலே படத்தைத் திரித்துவிடக் கூடும் என்ற அச்சத்தையும் பதிவு செய்தார். அந்த அச்சம் வீண் அல்ல. குடும்பங்களை மதிப்புக்குரியவர், உழைப்பாளர், ஏழைகள், குற்றவாளிகள் என்று அவர் தரம் பிரித்த பகுதிகளில், நன்கு படித்த நடுத்தர வர்க்க இளைஞர் ஒருவரின் ஒழுக்கப் பார்வை தெரியவே செய்கிறது. கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு அளவுகோல் உண்டு; மதிப்புக்குரியவரா என்ற கேள்விக்குக் கேட்பவரின் மனமே அளவுகோல். தம் வினாநிரல் எங்கே கூர்மை இழந்ததோ, அங்கே அவரும் தவறினார்.

அந்த மக்களும் அவரை உடனே கொண்டாடிவிடவில்லை. ஏதோ விசித்திர உயிரினம்போலத் தாங்கள் ஆராயப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. தம் சொந்த மக்களைப் பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அந்த வீட்டு வாசல்களில்தான் அவர் கற்றுக்கொண்டார். ஒரே சமூகத்தில் பிறந்துவிட்டதாலேயே சரியான கேள்வி கைவந்துவிடாது என்பது நமக்கும் பொருந்தும்.

1899இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. நீக்ரோ என்ற சொல்லின் முதல் எழுத்தை அக்காலத்தவர் சிறிய எழுத்தாகவே எழுதிவந்தனர். எண்பது லட்சம் மனிதர்களுக்கு ஒரு பெரிய எழுத்துக்கு உரிமை உண்டு என்று தொடக்கத்திலேயே குறிப்பிட்டு, அவர் பெரிய எழுத்தைப் பயன்படுத்தினார். நிற வெறுப்பைப் பற்றிய அத்தியாயம் இன்றும் படிக்கத்தக்கது. இங்கே வெறுப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்டால் வெள்ளையர் இல்லை என்பார்கள், கறுப்பினத்தவர் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பார்கள். இரண்டிலிருந்தும் எதையும் நிறுவ முடியாது. ஆகவே அவர் அதை வேலை கிடைப்பதில், கிடைத்த வேலையைத் தக்கவைப்பதில், புதிய தொழிலுக்குள் நுழைவதில், பணம் செலவிடுவதில், பிள்ளைகளை வளர்ப்பதில், மனிதர்களோடு பழகுவதில் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் நடந்த நிகழ்வுகளை அடுக்கினார். அவற்றின் முன் இல்லை என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. டீக்கடைக் குவளையைப் பற்றித் தனித்தனியே கேட்கும்போது நாம் பின்பற்றுவதும் இதே வழிதான். நோய் அந்த மக்களிடம் இல்லை, அவர்களுக்கு மூடப்பட்ட தொழிற்கூடங்களின் கதவுகளில் இருக்கிறது என்பதே அந்த ஆய்வு காட்டிய உண்மை.

கணக்கெடுப்பின் எல்லை

1897இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கறுப்பினக் கைவினைஞர்கள், தேவாலயங்கள், பள்ளிகள், வணிகம் என்று ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்து ஆராயும் தொடரை நடத்தினார். பணம் மிகக் குறைவு. பழைய மாணவர்களும் கல்லூரிப் பட்டதாரிகளும் ஊதியமின்றித் தகவல் திரட்டித் தந்தனர். கைவினைஞர்கள் பற்றிய 1902ஆம் ஆண்டு ஆய்வில் தொழிலாளர்களிடம் மட்டுமல்லாமல் தொழிற்சங்கங்களிடமும் கேள்விகள் அனுப்பப்பட்டன. விலக்கப்பட்டவரிடம் மட்டும் கேட்டுவிட்டு விலக்கியவரைக் கேட்காமல் விடும் வழக்கத்தை அது உடைத்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக அவரும் மாணவர்களும் கையால் வரைந்த வண்ணப் புள்ளிவிவரப் படங்கள் ஐரோப்பியர்களையும் நின்று பார்க்கவைத்தன.

அரசின் கேள்விகள் எப்படி இருந்தன என்பதையும் அவருடைய காலம் காட்டுகிறது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒருவரின் உடலில் ஓடும் கறுப்பின இரத்தம் முக்கால் பங்கா, பாதியா, கால் பங்கா, எட்டில் ஒரு பங்கா என்று பிரித்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து எட்டில் ஒரு பங்கை எவரால் கண்டறிய முடியும்? அந்த எண்கள் பயனற்றவை என்று கணக்கெடுப்புத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. 1900இல் அந்தப் பிரிவுகள் கைவிடப்பட்டன. துல்லியமாகத் தோன்றுவதும் தெளிவாக இருப்பதும் வெவ்வேறு.

1899 ஏப்ரலில், அட்லாண்டாவுக்கு அருகில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. உண்மைகளைத் தெளிவுபடுத்தும் கடிதம் ஒன்றுடன் நாளிதழ் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த டு பாய்ஸ், கொல்லப்பட்டவரின் விரல் மூட்டுகள் வழியிலுள்ள ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த மாதமே அவருடைய ஒரே மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். கொலைகளுக்கு நடுவே அமைதியாக அமர்ந்து ஆராயும் அறிஞனாக மட்டும் இருக்க இயலாது என்பது அவருக்கு விளங்கத் தொடங்கியது.

இறுதி அடி 1906இல் விழுந்தது. அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் கவுண்டியில் பெருநிலக்கிழார்களின் கீழ் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களை, ஒன்றியத் தொழிலாளர் துறைக்காக அவர் ஆராய்ந்தார். சுமார் 6,000 குடும்பங்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. வாய்ச்சொல்லோடு நிற்காமல் நில உரிமை, குத்தகை ஒப்பந்தம், கடன் ஆகியவற்றின் அலுவலகப் பதிவுகளும் ஒப்பிடப்பட்டன. அவருடைய களப்பணியாளர்கள் சிலர் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டனர். யாருக்கு நிலம் சொந்தம், ஆண்டு முடிவில் கணக்கை எழுதுவது யார், கடன் ஏன் தீர்வதே இல்லை என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் என்ன நேரும் என்பது அந்த நிலக்கிழார்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் அங்கே இருந்தபோதுதான் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள் மீதான கலவரம் மூண்டது; குடும்பத்தைக் காக்க விரைந்து திரும்பினார். முடித்துக் கொடுத்த அறிக்கையை, அரசியலைத் தொடுகிறது என்று சொல்லித் துறை வெளியிட மறுத்தது. பின்னாளில் அவர் கேட்டபோது அது அழிக்கப்பட்டுவிட்டதாகத் தெரியவந்தது.

தெளிவற்ற கேள்வியால் வந்த விவரத்தைக் குழப்பம் என்று சொல்லி முடக்கலாம். தெளிவான கேள்வியால் வந்த விவரத்தை அழித்தால்தான் முடக்க முடியும். லவுண்டஸ் கவுண்டி அறிக்கையின் கதி, அந்த வினாநிரலின் தோல்வியைக் காட்டவில்லை. அது எந்த இடத்தைத் தொட்டது என்பதையே காட்டுகிறது.

1910இல் அவர் பல்கலைக்கழகத்தைவிட்டு விலகி, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் பணியில் முழுமையாக இறங்கினார். அதன் இதழான கிரைசிஸை 1934 வரை நடத்தினார். கும்பல் படுகொலைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் அதில் வெளியிட்டார். கணக்கெடுப்பதை அவர் கைவிடவில்லை. உண்மைகள் தாமாகவே வெல்லும் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட்டு, அவற்றை இயக்கத்தின் கையில் கொடுத்தார். முதுமையில் அமைதி இயக்கப் பணிக்காக 1951இல் அந்நிய நாட்டு முகவர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டு விடுதலையானார். பல ஆண்டுகள் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் கானாவுக்குச் சென்றார். 1963 ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் 95ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் திரண்ட பேரணியில் அவர் மறைவு அறிவிக்கப்பட்டது.

அம்பேத்கருக்கும் நமக்கும்

1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் தோழமையுடன் பதிலளித்தார். இருவரையும் இணைத்தது மனு மட்டுமன்று. கேள்வியின் சொற்களே ஒரு மக்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்துவிடும் என்ற அறிவும் இருவருக்கும் பொதுவானது. 1932இல் லோதியன் குழு தீண்டப்படாதோரின் எண்ணிக்கையை ஆராய்ந்தபோது, சில மாகாணங்களில் அப்படி ஒருவருமே இல்லை, அல்லது மிகச் சிலரே என்று சாதி இந்துக்கள் வாதிட்டனர். தொட்டால் தீட்டு என்பதை நேர்ப்பொருளில் மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று அம்பேத்கர் தம் குறிப்பில் வலியுறுத்தினார். ரயிலிலும் சந்தையிலும் தொடுதல் தவிர்க்க முடியாததாகிவிட்ட இடங்களிலும், தீண்டத்தகாதவர் என்ற கருத்தும் அதன் விளைவான ஒதுக்கலும் அப்படியே நீடிக்கின்றன என்பது அவர் வாதம். தொட்டபின் குளிக்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தால், லட்சக்கணக்கான மக்களும் அவர்களின் பிரதிநிதித்துவமும் தாளில் மறைந்திருப்பார்கள்.

2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு இதே பாடத்தை எண்களில் காட்டியது. வீட்டில் எவரேனும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ சிக்கல் உண்டா என்று அடுத்துக் கேட்டார்கள். முதற்கேள்விக்கு நல்லவர்களாக நின்ற பலர் இரண்டாவதில் வெளிப்பட்டனர். இரண்டையும் சேர்த்தபோது ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. முதற்கேள்வியோடு நின்றிருந்தால் அவர்களில் ஒரு பகுதியினர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவத் தோழர்கள் வினாநிரலை அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கேள்வியையும் சில சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். இது ஒரே ஒரு செய்தியைத்தான் கேட்கிறதா, அல்லது குடிநீரும் சாலையும் சரியாகக் கிடைக்கிறதா என்பதுபோல் இரண்டை ஒட்டிக் கேட்கிறதா? அடிக்கடி, சில நேரங்களில் என்பவை ஆளுக்கு ஆள் மாறும் சொற்கள். கடந்த முப்பது நாட்களில் எத்தனை முறை என்று காலத்தை வரையறுத்திருக்கிறோமா? ஆளைப் பற்றியதா, வீட்டைப் பற்றியதா, தெருவைப் பற்றியதா? விடையைக் கேள்வியே சொல்லிவிடுகிறதா? நாம் எதிர்பார்க்கும் விடையைத் தூண்டும் கேள்வியும் எதிர்த்தரப்பின் வழிகாட்டும் வினாவைப் போலவே தவறு. நீதிமன்றத்தில் முதலில் உடைவது அதுதான். கேட்கப்படுபவரின் பேச்சுமொழியில் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தானா? உண்மையைச் சொன்னால் அவருக்குத் தீங்கு நேருமா, அப்படியானால் எங்கே, யார் இல்லாதபோது கேட்க வேண்டும்? ஐந்து வீடுகளில் கேட்டுப் பார்த்து, தடுமாறும் கேள்விகளைத் திருத்திய பின்னரே ஐந்நூறு வீடுகளுக்குப் போக வேண்டும்.

வரவிருக்கும் கணக்கெடுப்பிலும் நம் கோரிக்கை சாதியைக் கேளுங்கள் என்பதோடு முடிந்துவிடக் கூடாது. எந்தச் சொற்களில் கேட்பீர்கள், எந்தப் பட்டியலோடு ஒப்பிடுவீர்கள், கணக்கெடுப்பாளருக்கு என்ன அறிவுறுத்தல் தருவீர்கள் என்பவற்றைக் கேள்விகள் வாசலுக்கு வருமுன்பே நாம் கேட்டாக வேண்டும். வாசலில் விடை சொல்லி முடித்தபின் அதைத் திருத்த எந்த மன்றத்திலும் வழியில்லை. ஏழாவது வார்டின் ஒற்றை அறையில் அமர்ந்து ஆறு படிவங்களை எழுதிய அந்த இளைஞர் விட்டுச்சென்ற வேலை, இப்போது நம் மேசையில் இருக்கிறது.